உப்பங்கழியில் யாரும் பேசுவதில்லை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, சித்தப்பா, நான் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கை வலி மட்டும் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, முகத்தில் களை குறையாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது தப்பு என்றால் மறைக்காமல் எழுது என்கிறாள் அம்மா. போனிலேயே எல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் குரல் கேட்டதும் நீ அழுகிறாய், நீ அழுவது கேட்டதும் அம்மா அழுகிறாள், செய்தி பாதியில் நின்றுவிடுகிறது. போனை என்னிடம் கொடுத்தாலோ நான் "ம்", "ம்ம்" என்பதற்கு மேல் போவதில்லை என்று நீயே திட்டியிருக்கிறாய். அதனால்தான் கடிதம். அம்மாவின் கண்ணாடி பழுதுபார்க்கப் போயிருக்கிறது, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. உப்பங்கழி விஷயம் என்ன ஆயிற்று என்றுதான் நீ தேடுவாய். அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன் என்றேன். "முதல்லயே சொல்லிட்டா மிச்சத்தை யாருடி படிப்பா? நடந்த மாதிரி வரிசையா எழுது" என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். ஆகவே நீயும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி.

முதலில் என் கண்ணில் பட்டது சித்தப்பாவின் உதடு. ஒரு நாள் காலையில் அவர் படகுக்குள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். உதடு நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சித்தப்பா கரையில் இருக்கிறார் என்றால் அவருக்கு முன்னால் அவர் குரல் வீடு வந்து சேரும், தெருவே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறது. அப்படிப்பட்டவருக்குச் சத்தமில்லாமல் உதடு அசைந்தால் நான் என்ன நினைப்பேன்? பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். "ஒண்ணும் இல்லடி, பாடம் படிக்கிறாரு. ஆபீஸ்ல குடுத்தது" என்று அம்மா சிரித்தாள். உனக்குப் பாதி தெரியும், மீதியையும் சேர்த்தே சொல்கிறேன். மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு அதிகாரியம்மா வந்திருக்கிறார். வந்ததும் காரை நிறுத்திவிட்டு நடந்தே எல்லாவற்றையும் பார்த்தார். கலங்கரை விளக்கம், மணல்மேடு, அப்பாவின் படகுக் கொட்டகை, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் நம் உப்பங்கழி எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்களோ கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரு நாள் பயணமாகக் கோத்து, மதியச் சாப்பாட்டை நம் வீட்டில் வைத்து, சாயங்காலம் கழியில் படகு என்று அவர் திட்டம் போட்டார். திட்டம் நல்லதுதான். கழியில் யார் படகு ஓட்டுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. நகரத்து மோட்டார் படகு கம்பெனி ஒன்று அதைக் கேட்டிருந்தது. சிவப்புப் படகுகள், கூரையில் ஒலிபெருக்கி, மெத்தை போட்ட இருக்கைகள். அவர்களுக்குக் கொடுத்தால் அந்த வேகத்துக்கு வழி வேண்டும், வலை கட்ட நாம் கழியில் நட்டிருக்கும் வலைக் கம்பு ஒன்றுகூட நிற்கக் கூடாது. பிறகு கழியை நம்பி உலை வைக்கும் நம் தெரு என்ன செய்யும்? அதிகாரியம்மா ஒளிக்காமல் பேசினார். "உங்க படகுக்கு ஒரு சாயங்காலம், அவங்க படகுக்கு ஒரு சாயங்காலம். நான் கூட்டிட்டு வர்ற குழு ரெண்டுலயும் ஏறிப் பார்க்கும். எது நல்லா இருக்கோ அவங்களுக்குத்தான் கழி. என்னை அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது" என்றார். நம் தெரு சார்பில் சித்தப்பாவின் படகு. முன்னால் கம்பு ஊன்ற அவர், பின்னால் துடுப்புப் பிடிக்க நான். நான் பள்ளியை விட்டதிலிருந்து காலையில் விருந்தாளிகளுக்கு விடும் மாடி அறைகளைப் பெருக்கி முடித்தால் சாயங்காலம் அந்தப் படகில்தானே இருக்கிறேன்.

அந்தப் பாடம் ஒரு பக்கம் இருக்கும். "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் உப்பங்கழி தங்களை இரு கரம் நீட்டி வரவேற்கிறது" என்று தொடங்கும். சித்தப்பா அதைக் குளியலறைக் கதவுக்குச் சொன்னார், மாடிப்படிக்குச் சொன்னார், சோறு போட வந்த அம்மாவுக்கும் சொன்னார். "உங்களை இரு கரம் நீட்டி வரவேற்க நான் என்ன விருந்தாளியா? தட்டை நீட்டுங்க" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுத் தையல்காரர் படகு இருக்கைக்கு உறை தைக்க அளவெடுக்க வந்தபோது அவரையும் விடவில்லை. "ரேடியோ, ஸ்டேஷனை மாத்துப்பா. வாரக்கணக்கா ஒரே பாட்டு ஓடுது" என்று அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். ஆனால் அக்கா, உண்மையைச் சொல்கிறேன், கடைசியில் சித்தப்பா அதைத் தண்ணீர் பட்டபாடாகச் சொன்னார். எந்த இடத்தில் குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்திச் சிரிப்பது என்று எல்லாம் பழகிவிட்டார். அதிகாரியம்மாவே வந்து கேட்டுவிட்டு, "அண்ணே, ரேடியோன்னு சும்மா சொல்லல" என்று பாராட்டினார். அம்மா இங்கே உன்னைப் பற்றி எழுதச் சொல்கிறாள். அறைகளுக்கு நீ சொல்லி அனுப்பியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம். குளியலறையில் துணி மாட்டக் கொக்கி, கட்டில் பக்கத்தில் சின்ன விளக்கு, ஆளுக்கு இரண்டு தலையணை, பிளாஸ்டிக் பூவைத் தூக்கிப் போடுவது. பூவை மட்டும் அம்மா தூக்கிப் போடவில்லை, தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். சாவி தொலையாமல் இருக்கப் பழைய வலை மிதவையைக் கோத்திருக்கிறோம், அது என் யோசனை. குழுவில் ஒருவர் குளியலறையிலிருந்து வந்து, "எத்தனையோ ஓட்டல்ல தங்கியிருக்கேன், கொக்கி சரியான உயரத்துல இருக்கிறது இங்கதான்" என்றாராம். பெரிய ஓட்டலில் வேலை பார்க்கும் என் மூத்த மகள் சொன்ன உயரம் என்று அம்மா அவருக்குச் சொன்னாள். அவர் கேட்காமலேயே இரண்டு தடவை சொன்னாள்.

அவர்கள் வந்த நாளுக்கு வருகிறேன். குழு என்றால் அதிகாரியம்மாவோடு சேர்த்து எட்டுப் பேர். சுற்றுலா நடத்துகிறவர்கள், பத்திரிகைக்காரர் ஒருவர், பறவைகளைப் படம் எடுக்கும் ஒரு பெண். அந்தப் பெண் வெயிலுக்குப் பெரிய தொப்பி வைத்திருந்ததால் நாங்கள் அவரைத் தொப்பியம்மா என்றே சொல்லிக்கொண்டோம். காலையில் கலங்கரை விளக்கம் ஏறிவிட்டுப் படகுக் கொட்டகைக்கு வந்தார்கள். அப்பா எப்போதும்போல வாயில் ஆணியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். பலகையைச் சூடு காட்டி வளைப்பதை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பத்திரிகைக்காரர் இதுவரை எத்தனை படகு கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எண்ணலைங்க. மிதக்குதான்னு மட்டும் பார்ப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், தான் என்ன சொன்னோம் என்று அப்பாவுக்கு இன்னமும் புரியவில்லை. மதியம் நம் வீட்டில் சாப்பாடு. அம்மா விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள், அவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்கு மேல் எழுத வேண்டாம், தற்பெருமை என்கிறாள். அவள் சொன்னாலும் நான் எழுதுகிறேன், பாத்திரம் வழித்தது போல ஆகிவிட்டது. எனக்கும் அம்மாவுக்கும் கடைசியில் மிஞ்சியது ரொட்டிதான்.

சாயங்காலம் படகுத்துறையில் சித்தப்பாவைப் பார்த்திருக்க வேண்டுமே. சலவைச் சட்டை, படிய வாரிய தலை. படகில் ஏறும் ஒவ்வொருவரிடமும் பேச்சு. தன் முழங்கால் எந்தக் காலத்தில் வலிக்கும், தையல்காரர் உறை தைத்ததில் எந்த மூலை கோணல், தொப்பியம்மாவின் தொப்பி காற்றில் போனால் எந்தப் பக்கம் போகும், எல்லாம் சொன்னார். அதிகாரியம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் கடைசியாக ஏறித் துடுப்பைப் பிடித்தேன். படகு துறையை விட்டு நகர்ந்தது. முதல் வலைக் கம்பைத் தாண்டியதும் சித்தப்பா பாடத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. கம்பைத் தாண்டினோம். நான் காத்திருந்தேன். சித்தப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அக்கா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழியில் யாரும் பேசுவதில்லை, உனக்குத் தெரியாததா. படகு விளிம்பில் கம்பு தட்டினாலே மீன் கலைந்துவிடும் என்று நாம் நடக்கப் பழகின நாளிலிருந்து தண்ணீரில் கையால்தானே பேசுகிறோம். உள்ளங்கை கீழே பார்த்தால் ஆழம் குறைவு, முஷ்டி என்றால் நில், முழங்கையைத் தொட்டால் தண்ணீருக்குள் கட்டை கிடக்கிறது. நீ கூட அங்கே போன புதிதில் பஸ் டிரைவருக்கு முஷ்டியைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அவர் சண்டைக்கு வந்ததாக எழுதியிருந்தாயே. இது தெரிந்தும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடத்தைச் சித்தப்பா கரையில் படித்தார், கரையில் ஒப்பித்தார், நாங்கள் கரையில் கேட்டுக் கரையில் கை தட்டினோம். ஒரு தடவையாவது தண்ணீரில் சொல்லிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரியம்மா மெதுவாக, "அண்ணே, ஆரம்பிக்கலாமே" என்றார். சித்தப்பா வாயைத் திறந்தார். பக்கத்தில் தையல்காரரின் தம்பி போட்ட வலை மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. கழுத்தெல்லாம் வேர்வை. திரும்பி அதிகாரியம்மாவிடம் காற்று மாதிரிக் குரலில், "வரலைம்மா. தண்ணில வாய் வர மாட்டேங்குது" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "இவருக்கா வரல? துறையில காது புளிச்சுப் போச்சே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. கழி கைவிட்டுப் போகிறது என்றே நான் நினைத்தேன். கரையோரமாகக் கூடவே நடந்து வந்த தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். இனி வருவதை அம்மா வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளட்டும் என்றேன். "எழுதுடி. பெத்தவ சொல்றேன். நீ செஞ்சதை நீயே எழுத வெட்கம்னா, ஊரே செஞ்சதா நினைச்சுக்கிட்டு எழுது" என்கிறாள். சரி, எழுதுகிறேன். பேச்சு வராவிட்டாலும் சித்தப்பாவின் கை சும்மா இருக்கவில்லை. பழக்கத்தில் முழங்கையைத் தொட்டார். நான் துடுப்பை வளைத்துப் படகை ஒதுக்கினேன். நடு இருக்கையில் இருந்த தொப்பியம்மா அதைக் கவனித்துவிட்டுத் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "இது என்னம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் எட்டு முகமும் என்னைப் பார்த்தன. உனக்கே தெரியும், வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே எனக்குக் கால் வராது. பதில் சொல்ல முடியாமல், நானும் என் முழங்கையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் துடுப்பால் தண்ணீரைக் காட்டினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய மரக்கட்டை, பாசி பிடித்து, தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. படகு அதை உரசாமல் தாண்டியது. "அட" என்றார் தொப்பியம்மா, அதையும் மெல்லத்தான் சொன்னார். அடுத்ததாகச் சித்தப்பா உள்ளங்கையைக் கீழே காட்டினார். இந்த முறை யாரும் என்னைக் கேட்கவில்லை. காதைப் புளிக்க வைத்தார் என்று சொன்னாரே, அவரே எட்டிப் பார்த்து, அடியில் மணல் தெரிவதைத் தன் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். பிறகு அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சித்தப்பா ஒரு கையைக் காட்டுவார், அவர்கள் என்னவென்று தேடுவார்கள், தெரியாவிட்டால் என்னைப் பார்ப்பார்கள், நான் துடுப்பாலோ கண்ணாலோ காட்டுவேன். இரண்டாவது வளைவு வருவதற்குள் படகில் ஒருவர்கூடப் பேசவில்லை. தண்ணீர் படகின் அடியில் நழுவும் சத்தம் கேட்டது. அலையாத்தி வேர்களுக்குள் நண்டுகள் ஓடும் சத்தம் கேட்டது.

மூன்றாவது வளைவில் சித்தப்பா நாங்கள் அதிகம் பயன்படுத்தாத ஒன்றைச் செய்தார். இடது உள்ளங்கையில் வலது விரல்களை நடக்க விட்டார், பிறகு முஷ்டி. நான் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகை நிறுத்தினேன். எட்டுப் பேரும் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி இருந்தார்கள், பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் சேற்றுக் கரையில் அது வந்தது. தாய் நீர்நாய், பின்னால் மூன்று குட்டிகள். எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. குட்டிகள் சேற்றில் வழுக்கி விழுந்தன, ஏறின, மறுபடி வேண்டுமென்றே வழுக்கின. தாய் ஒரு நண்டைப் பிடித்து வந்து உட்கார்ந்து தின்றது. அக்கா, அந்த ஓடு நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு பக்கம், அவ்வளவு அமைதி. தொப்பியம்மா படம் எடுக்கவே மறந்துபோய்ப் பாதியில்தான் கேமராவைத் தூக்கினார். திரும்பி வரும்போதும் யாரும் பேசவில்லை. துறையில் இறங்கிய பிறகு தொப்பியம்மா அதிகாரியம்மாவிடம், "எத்தனையோ இடத்துல படகுல போயிருக்கேன். எல்லா இடத்துலயும் யாராவது சொல்லிட்டே வருவாங்க. இன்னைக்குத்தான் எனக்கே காது கேட்டுச்சு" என்றார். சித்தப்பாவின் கால் கரையில் பட்டதுதான் தாமதம், "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்துவிட்டார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் முஷ்டியைத் தூக்கினார்கள். அந்தச் சிரிப்பு நம் வீட்டு மாடி வரை கேட்டதாம்.

ஆனால் சிரிப்பு வேறு, தீர்ப்பு வேறு. மறுநாள் அவர்கள் சிவப்புப் படகில் போனார்கள், அதற்குப் பிறகு ஒரு வாரம் அலுவலகத்திலிருந்து தகவலே இல்லை. அம்மா கைக்கு வந்ததையெல்லாம் துலக்கினாள். சித்தப்பா தன் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று கரையிலும் பேசுவதைக் குறைத்துவிட்டார், தெருவில் எல்லோரும் அவருக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். பிறகு அலுவலகக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். நீளமான மேசை, அதைச் சுற்றி அந்தக் குழு, சுழலாத மின்விசிறி, சுவர் முழுக்க மாவட்டத்தின் படம். கம்பெனிக்காரர் முதலில் பேசினார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நம் படகில் லைஃப் ஜாக்கெட் இல்லை, வயதானவர்கள் ஏறப் படி இல்லை, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கடைசியில், "எல்லாம் இருக்கட்டும், வாயைத் திறக்காத படகுக்கு எவன் வருவான்?" என்று முடித்தார். பின் வரிசையில் இருந்த அம்மா எழுந்தாள். "வந்தவங்க இங்கதானே உட்கார்ந்திருக்காங்க. அவங்களையே கேளுங்களேன், மறுபடி வருவாங்களான்னு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா இப்போது அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. இருந்திருந்தால் இந்த வரியை அடித்துவிடச் சொல்லியிருப்பாள். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை அக்கா. உட்கார்ந்த பிறகுதான் என் கையைப் பிடித்தாள், கூட்டம் முடியும் வரை விடவில்லை. அதிகாரியம்மா குழுவைப் பார்த்தார். முதலில் முஷ்டியைத் தூக்கியது தொப்பியம்மா. அப்புறம் பத்திரிகைக்காரர். ஒவ்வொருவராக எல்லோரும், வருவோம் என்று, வாயைத் திறக்காமலே தூக்கினார்கள்.

இதோ, அம்மா வந்துவிட்டாள், இப்போது எழுதலாம் என்கிறாள். உப்பங்கழி நமக்கு. இயந்திரமும் ஒலிபெருக்கியும் கழிக்குள் வரக் கூடாது, துடுப்புப் படகு மட்டும், வலைக் கம்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போதைக்கு ஒரு பருவத்துக்கு, அதன் பிறகு மறுபடி பார்ப்பார்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கடல் வழியாகப் போகும் பாதையைக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சரிதான், அந்த அலைக்கு நம் படகு தாங்காது. லைஃப் ஜாக்கெட்டை அலுவலகம் தருகிறது. ஏறும் படியை அப்பா செய்து முடித்துவிட்டார், கைப்பிடி வைத்து, வழுக்காமல் கயிறு சுற்றி. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் கரையில் வைத்துக் கைப்பேச்சைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வேலை சித்தப்பாவுக்கு. கரையில் பேச அவரை மிஞ்ச ஆள் இல்லையே. தண்ணீரில் ஆட்களைப் பார்த்துக்கொள்வது நான் என்று அதிகாரியம்மா தன் வாயால் சொன்னார். "இந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டதற்குத் கூட வந்த தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, நான் சத்தமே போடாததால் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, "பூனை" என்றார்கள், எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னைக் கோபிக்காதே. "பெரியவளே, உன் தங்கையைப் படிக்க வைக்காம விட்டுட்டீங்கன்னு போன தடவையும் குத்திக் காட்டினே. அது என் மனசுலயும் இருக்கு. ஆனா அன்னைக்குப் படகு துறைக்குத் திரும்பினப்ப எட்டுப் பேரும் அவ கையைப் பார்த்துத்தான் இறங்கினாங்க. பார்த்துட்டு நான் மாடிக்கு ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். துக்கத்துல இல்லை."

இனி அம்மா உனக்குச் சொல்வது. இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, கூட வேலை செய்கிறவர்களோடு வா. ஈரத் தலையோடு படுக்காதே. மேலதிகாரி ஏதாவது சொன்னால் உடனே முகத்தில் காட்டிவிடுகிறாய், அது அப்பாவிடமிருந்து வந்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள். விடுமுறை கிடைத்தால் இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு தடவை வந்துவிடு, விருந்தாளி போல மேல் அறையில் தங்கலாம், ஆனால் போர்வையை நீதான் மடிக்க வேண்டும். இன்னும் என்னென்ன குறை என்று ஓட்டல்காரிக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம். அறையில் வைக்கத் துண்டு எந்த அளவில் வாங்குவது என்று மறக்காமல் எழுது, போன கடிதத்திலேயே கேட்டிருந்தோம், நீ பதில் போடவில்லை. அப்பா உன்னை விசாரித்தார். விசாரித்தார் என்றால், "பெரியவளுக்கு எழுதுறீங்களா" என்று கேட்டுவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். சித்தப்பா சொல்லி அனுப்பியதை எழுத இந்தத் தாள் போதாது. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல், போகிற வழியெல்லாம் நல்லவர்கள் துணையாக, சந்தோஷமாக இரு. உன் தலையைத் தடவி எல்லோரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத வேளை இல்லாத அம்மா

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இதன் கீழே நானாக ஒன்று எழுதுகிறேன். நேற்றுத்தான் முதல் கூட்டம் வந்தது. பத்துப் பேர், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுப் படகில் உட்கார்ந்துவிட்டார்கள். சித்தப்பா ஒரு காலைத் துறையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்துக்கொண்டு கைப்பேச்சைச் சொல்லிக் கொடுத்தார், அது முடிந்து பாடம், பாடம் முடிந்து முழங்கால், முழங்கால் முடிந்து நீர்நாய்க் கதை. கடல் உள்வாங்கும் நேரம், கழியில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. துறையின் அடிக்கல்லில் சேறு தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இரண்டாவது வளைவில் படகு தரை தட்டும், முதல் நாளே பத்துப் பேரும் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும், அதோடு கழியை மறந்துவிட வேண்டியதுதான். முதல் நாளைப் பார்க்க வந்திருந்த அதிகாரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சித்தப்பாவின் கண்ணைத் தேடினேன், அவர் என் பக்கமே திரும்பவில்லை. பெரியவர்கள் பேசும்போது நான் ஒரு நாளும் குறுக்கே போனதில்லை, உனக்குத் தெரியும். அவர் "அப்புறம் ஒரு தடவை என்ன ஆச்சுன்னா" என்று அடுத்ததை எடுத்தார். நான் கயிற்றை அவிழ்த்துப் படகைத் தள்ளினேன். சித்தப்பா துறையிலிருந்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார், பேச்சு அந்த இடத்திலேயே நின்றது.

உன் தங்கை